பாரதி புதுவையில் தலைமறைவாகவா இருந்தார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் புதுச்சேரி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 'பாரதியார் பத்தாண்டுகள் புதுவையில் தலைமறைவாக வாழ்ந்தார்' என்ற வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

தலைமறைவில் வரும் 'தலை' ஆளைக் குறிப்பது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கிறோமே, அந்தத் தலை. ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போனால்தான் அது தலைமறைவு. பாரதி 1908இல் புதுவைக்குப் போனது கைதுக்குத் தப்பித்தான், சரி. போன பிறகு மறைந்தா இருந்தார்? பிரெஞ்சு ஆட்சியில் ஊரறியக் குடியிருந்தார். 'இந்தியா' பத்திரிகையை அங்கிருந்தே நடத்தினார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. 1918இல் எல்லை தாண்டி எங்கள் கடலூர்ப் பக்கம் வந்ததும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். புதுவையில் அவர் பெற்றது அடைக்கலம். மறைந்து திரிந்தவர்கள் அவரை வேவு பார்த்த பிரிட்டிஷ் உளவாளிகள்தான்.

மாறுவேடம் என்றால் விடுதலைப் போராளி வ.வே.சு. ஐயரைச் சொல்லலாம். ஐரோப்பாவில் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, 1910இல் இஸ்லாமியர் உடையில் புதுவை வந்து சேர்ந்தவர் அவர். ஆனால் வேடம் என்ற சொல்லில் ஏமாற்று கிடையாது. வடமொழி 'வேஷ'த்துக்கு உடை என்றுதான் பொருள். வேட்டையாடும் வேடன் வேறு, அது தமிழ் 'வேட்டை'யோடு சேர்ந்த சொல்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் 'வேஷம் கட்டுவது' என்பார்கள். சின்ன வயதில் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறேன். துரியோதனன் கட்டுகிறவர் பாயில் உட்கார்ந்து, இடது கையில் உள்ளங்கை அகலக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, வலது கை விரலால் அரிதாரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். காலையில் எங்கள் கொல்லையில் பாத்தி கட்டியவர். "தள்ளி நில்லு பாப்பா, மை பட்டுடும்" என்றார். குரல் மட்டும் அதே குரல். (அரிதாரம் என்பது 'ஹரிதால' என்ற மஞ்சள் கனிமத்தின் பெயர். அப்புறம் முகப்பூச்சுக்கே பெயராகிவிட்டது.) அவர் யார் என்று ஊருக்கே தெரியும், யாரையும் அவர் ஏமாற்றவில்லை. பொய்யனைப் பார்த்து 'வேஷம் போடுறான்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது, வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் கைவிட்டுக்கொண்டிருக்கும் 'கரத்தல்'. வெறுமனே ஒளித்துவைப்பது அல்ல இது. தன்னிடம் இருப்பதை, கேட்டு வந்தவரிடம் இல்லை என்று மறைப்பது. 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்கிறது 527ஆம் குறள். மதில்மேல் வைத்த சோற்றைக் கண்டதும் காகம் முதலில் செய்வது கூவி மற்றதை அழைப்பதுதானே. 1068ஆம் குறளில் இரத்தல் என்னும் தோணி 'கரவென்னும் பார்தாக்கப் பக்கு விடும்', அதாவது பிளந்துபோகும். பள்ளியில் 'பார்' என்பதற்குப் பாறை என்று பொருள் எழுதி மதிப்பெண் வாங்கினேன். தேவனாம்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் அது புரிந்தது. இங்கே மீனவர்கள் கடலடிப் பாறையை இன்றும் பார் என்றே சொல்கிறார்கள். மேலே தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும், பார் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வலை மாட்டினால் கிழிந்துதான் வரும். கையில் இருப்பதை மறைத்து முகத்தில் ஒன்றும் காட்டாதவனுக்கு வள்ளுவர் ஏன் அதைச் சொன்னார் என்று, கிழிந்த வலையைக் கரையில் பிரித்துப் போட்டுக் கோக்கும்போது பார்த்தால் தெரியும்.

கட்டுரை நூலாக வருமென்று குறிப்பிட்டிருந்தீர்கள். அப்போது அந்த வரியில் 'தலைமறைவாக' என்பதை எடுத்துவிட்டு 'அடைக்கலமாக' என்று போடும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
தேவனாம்பட்டினம், கடலூர்.