கடைமடைக் கணக்கு மறுபடி ஓடுகிறது

மன்னார்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை விட்டு வயல் வடிந்துவிட்டது, சம்பா தப்பித்தது. இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் திட்டிக்கொள். சாருடைய கடைமடைக் கணக்கு, எந்த மதகுக்கு எப்போது தண்ணீர் வந்தது என்று அவர் வைத்திருந்தது, என் மேஜை மேல் ஓடுகிறது! நீ அவருக்கு எழுதிக்கொடுத்த அதே புரோகிராம். முதல் திரை முழுக்க ஆங்கிலத்தில் உன் பெயர், கொட்டை எழுத்தில். அதைப் பார்த்துவிட்டு அன்று சார் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

சார் வீட்டை விற்கப் போகிறார்கள். அலமாரியைக் காலி செய்த பெரியக்கா, பழைய பிளாப்பி வட்டுகள் அடைத்த பிஸ்கட் டின்னை எனக்குக் கொடுத்தனுப்பினார். ஐந்தேகால் அங்குலத்தில் இருந்தவை அத்தனையும் போய்விட்டன. மூன்றரை அங்குலத்தில் ஒன்றின் தகர மூடியை விரலால் நகர்த்திப் பார்த்தேன். பழுப்பு வட்டின் மேல் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்குக் காகிதமே தாங்காது, இது எங்கே தாங்கும்? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, வட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றித் துடைத்து, யுஎஸ்பி டிரைவில் போட்டேன். கரகரவென்று முனகிவிட்டுப் படித்தது. எட்டு ஆங்கில எழுத்துக்குமேல் பெயர் வைக்க முடியாமல் 'கடைமட்' என்று நின்றுபோன கோப்பு, பட்டியலில் முதலில் வந்தது. நம் 'கடைமட்'!

போனில் நீ சொன்னதை நான் ஏற்கவில்லை. "டிபிஎஃப் என்கிற பழைய தரவுக் கோப்புதானே, லிப்ரே ஆபீசில் திறந்து எக்செலாக மாற்றிவிட்டுப் புரோகிராமைத் தூக்கிப்போடு" என்றாய். திறந்தேன். தேதி, மதகு எண், நீர்மட்டம் என்று வரிசை வரிசையாக எண்கள் வந்தன. சார் பார்த்த கணக்கு அதில் இல்லை. மதகுகளை எண் வரிசையில் இல்லாமல் தண்ணீர் போகிற வரிசையில் அடுக்கி, மேட்டூர் திறந்த நாளிலிருந்து எத்தனை நாளில் ஒவ்வொன்றுக்கும் நீர் வந்தது என்று காட்டியது உன் புரோகிராம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தவறிய வருஷங்களில் உண்மையில் திறந்த தேதியிலிருந்து எண்ணும். கீழ் மதகுக்குத் தண்ணீர் முந்தியும் மேல் மதகுக்குப் பிந்தியும் வந்திருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும். அந்த நட்சத்திரம்தான் சாரின் மூளை. யாரோ முறை தவறித் திறந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அவருடைய சாட்சி. நீ எழுதிய மூலக் கோப்புகள் பூஞ்சையோடு போய்விட்டன. மிஞ்சியது கிளிப்பர் என்ற நிரல் மொழியில் எழுதித் தொகுத்த இ.எக்ஸ்.இ., அதாவது ஓடும் கோப்பு மட்டும். அதை ஓட்டினால் ஒழிய நட்சத்திரம் வராது.

புது மெஷினில் நேராக ஓடாது. 64 பிட் முறையில் புராசசர் இறங்கிவிட்டால் பழைய 16 பிட் டாஸ் புரோகிராம்களுக்கான மெய்நிகர் 8086 வழி அதில் கிடையாது, விண்டோஸும் கைவிரித்துவிடும். டாஸ்பாக்ஸ் அந்த வழியைத் தேடுவதே இல்லை. 2002-இல் நெதர்லாந்துக்காரர்கள் இரண்டு பேர் தொடங்கியது. புராசசர், விஜிஏ கார்டு, கீபோர்டு என்று பழைய பெட்டி முழுவதையும் மென்பொருளாலேயே நடிக்க வைக்கிறது. ஒரு ஃபோல்டரை மவுண்ட் கட்டளையால் சி டிரைவ் என்று நம்ப வைத்தேன், பெயரை அடித்தேன், வந்துவிட்டது. திரைகள் மட்டும் கண்ணில் படாமல் பறந்தன. தாமதத்துக்காக வெற்று லூப் எழுதி வைத்திருந்தாயே, உன் சோம்பேறித்தனம்! கண்ட்ரோலோடு எஃப் 11 அழுத்தி வேகத்தைக் குறைத்ததும் பழைய 386 கம்ப்யூட்டரின் நடைக்கு வந்தது.

இதுவரை சந்தோஷம். இனி என்னைத் தூங்கவிடாத விஷயம்.

குறிப்புப் பத்தியில் சார் தமிழில் எழுதியிருக்கிறார், வருஷக்கணக்காக. அந்தத் தமிழைத் திரையில் வரைந்தது பெட்டிக்குள் செருகியிருந்த ஜிஸ்ட் கார்டு. டாஸ்பாக்ஸுக்கு அப்படி ஒரு கார்டு இருந்ததே தெரியாது. அதனால் 'க' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு. 'ம' வந்தால் இரட்டைக் கோட்டில் ஒரு கிளை. புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கிரேக்க ஃபை. அந்தக் கார்டு எழுத்துகளைச் சேமித்தது ஐஎஸ்சிஐஐ என்ற இந்திய எழுத்துக் குறியீட்டு முறையில். அதில் க 179, ம 204, புள்ளி 232. டாஸ் திரைக்கான ஐபிஎம் எழுத்துப் பட்டியலிலோ அதே எண்களில் கட்டம் போடும் கோடுகளும் கிரேக்க எழுத்துகளும் உட்கார்ந்திருக்கின்றன. சாரின் குறிப்புகள் திரையில் உடைந்த வேலி மாதிரி தெரிகின்றன.

ஆனால் எழுத்து அழியவில்லை, மாப்பிள்ளை. அழகான ஃபான்ட்டுக்கு மாறச் சொல்லி நாம் நச்சரித்தும் சார் கார்டை விடவில்லை, நினைவிருக்கிறதா? அந்தப் பிடிவாதம் இன்று நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஃபான்ட்டுகள் கொம்பைத் தனியே, காலைத் தனியே உருவமாகச் சேமித்தன. ஐஎஸ்சிஐஐ ஒலி வரிசையில், மெய்க்குப் பின் உயிர்க்குறி என்று சேமித்தது. யூனிகோடின் இந்திய எழுத்து வரிசைகள் அதை அடியொற்றியே அமைந்தவை. பட்டியலைப் பார்த்துக் கையாலேயே மாற்றிப் பார்த்தேன். "வாய்க்கால் தூர் வாரவில்லை. குழியடிச்சான் மட்டும் நிற்கிறது." அவர் குரலே கேட்டது. உப்புத் தண்ணீர் ஏறிய நிலத்தில் அந்த நெல் நின்றதை எத்தனை பேர் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்?

குறிப்புகளை மொத்தமாக மாற்ற ஒரு சின்ன நிரல் போதும், அதை நான் எழுதிக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது புரோகிராம் ஓடும்போதே, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், தமிழ் தெரிவது. டாஸ்பாக்ஸின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. 80 பத்தி, 25 வரித் திரைக்கு நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. அங்கிருந்து எண்ணை எடுத்துத் தமிழாக வரைய வேண்டும். ஆனால் கட்டக் கோட்டையும் 'க'வையும் எப்படிப் பிரிப்பது, அகலமான எழுத்துக்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது என்பதையெல்லாம் அந்தக் கார்டு ஒரு முறைப்படி செய்தது. அது கார்டோடு வந்த கையேட்டில் இருந்தது. அந்தக் கையேட்டைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. சி மொழியில் கை தேர்ந்தவனும் நீதான். என்னால் தனியாக முடியாது.

பரணில் தேடு. கிடைத்தால் தபாலில் அனுப்பாதே, பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டுவா. இரண்டு நாள் கூடுதலாக லீவு போடு. பெரியக்காவிடம் நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன். அச்சடித்த கணக்கை முதலில் தனக்குத்தான் காட்ட வேண்டும் என்கிறார்.

உன்
மச்சான்