நத்தையைத் தின்னாத ‘நத்தை எதிரி’: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வீட்டுத் தோட்ட வாடிக்கையாளர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இயற்கை இடுபொருள் இணைய விற்பனை நிறுவனம்.

பொருள்: தவறான விளம்பரத்துடன் விற்கப்பட்ட நத்தைக் கட்டுப்பாட்டுத் தொகுப்பு குறித்து.

ஐயா / அம்மையீர்,

‘நத்தைகளின் இயற்கை எதிரி, நஞ்சில்லாத் தீர்வு’ என்று நீங்கள் விளம்பரம் செய்த தொகுப்பை 1,850 ரூபாய் செலுத்தி வாங்கினேன். பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, நத்தையைச் சீண்டவே சீண்டாத நூற்புழு (கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்புழு). மற்றொன்று, ‘இலவச இணைப்பு’ என்று எழுதிய பாலித்தீன் பையில் நீல நிறக் குருணை. அதாவது, நத்தையைக் கொல்லாத எதிரியை விலைக்கும், நத்தையைத் தின்னும் உயிர்களையும் கொல்லக்கூடிய நஞ்சை இனாமாகவும் தந்திருக்கிறீர்கள்.

என் தோட்டத்தின் தொல்லை ஓடில்லாத நத்தை. கருஞ்சாம்பல் நிறத்தில் செருப்புத் தோல் துண்டுபோலத் தட்டையாகக் கிடக்கும் அந்த வகைதான். பகலில் தொட்டிகளுக்கு அடியில் பதுங்கி, இரவில் வெளியே வந்து கீரை நாற்றுகளைத் தண்டோடு மேய்ந்துவிடுகிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் பெருகிவிட்டது. இதையெல்லாம் படங்களுடன் உங்கள் ஊழியரிடம் விளக்கிய பிறகே, அவருடைய பரிந்துரையின்பேரில் வாங்கினேன். ஆகவே, “நீங்கள் வேறு பூச்சிக்கு வாங்கியிருப்பீர்கள்” என்ற பதிலைத் தயவுசெய்து எழுதாதீர்கள்.

பொட்டலத்தின் முன்பக்கத்தில் பெரிய நத்தைப் படம். பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், ‘ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா’ என்ற பெயர். இது நல்ல நூற்புழு. அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. மண்ணில் இருக்கும் வேர்ப்புழு போன்ற பூச்சிப் புழுக்களின் உடலுக்குள் புகுந்து, தன்னோடு சுமந்து வரும் பாக்டீரியாவை வெளிவிட்டு, ஓரிரு நாட்களில் அவற்றைக் கொன்றுவிடும். ஆனால் நத்தை பூச்சியினம் அல்ல, மெல்லுடலி. நத்தைகளுக்காகவே விற்கப்படும் நூற்புழு வேறு. அதன் பெயர் ஃபாஸ்மராப்டிடிஸ் ஹெர்மாஃப்ரோடிடா. பிரிட்டனில் 1994 முதல் அது விற்பனையில் இருக்கிறது. ஓடில்லா நத்தையின் முதுகிலுள்ள போர்வைத் தோலுக்கு அடியில் நுழைந்து, சில நாட்களில் அதை இரையெடுக்க விடாமல் செய்து, பிறகு கொல்லும். அதுவும் குளிர்ந்த, ஈரமான மண்ணில் வேலை செய்கிற உயிர். உங்கள் பொட்டலத்தில் அந்தப் பெயரே இல்லை.

இதைத் தொலைபேசியில் கேட்டபோது, “இது வெளிநாட்டுத் தொழில்நுட்பம் சார், விளைவு தெரியக் கொஞ்சம் நாளாகும்” என்றார் உங்கள் ஊழியர். ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு 1992இல் பெயர் சூட்டப்பட்ட இனம். எங்கள் ஊர்க்காரனையே எங்களுக்கு வெளிநாட்டு விருந்தாளி என்று அறிமுகப்படுத்துகிறீர்கள்! அடுத்த அழைப்பில் வேறொருவர், மண்ணில் ஈரம் போதவில்லை என்றார். அப்போது தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

இனி அந்த நீலக் குருணை. ஒட்டியிருந்த சீட்டில் ‘மெட்டால்டிஹைடு 2.5%’ என்று, நத்தைக்கொல்லி நஞ்சின் பெயர் மட்டும் இருக்கிறது. தயாரித்தவர் பெயர் இல்லை, நச்சுத்தன்மையைக் காட்டும் சாய்சதுரக் குறி இல்லை, முறிவு மருந்து பற்றி ஒரு வரிகூட இல்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இவையெல்லாம் கட்டாயம். நாயோ பறவையோ இந்தக் குருணையைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் கேடு என்பதால்தான் பிரிட்டனில் 2022 மார்ச் 31 முதல் திறந்தவெளியில் இதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது.

எங்கள் வீட்டில் வாத்துகள் இருக்கின்றன. மாலையில் அரை மணி நேரம் திறந்துவிட்டால் தொட்டிகளின் இடுக்குகளில் அலகை விட்டுத் துழாவி நத்தைகளை விழுங்குகின்றன. (நாற்றையும் சேர்த்து மிதிக்கும், அதனால்தான் உங்களிடம் வந்தேன்.) வேலியோரம் செம்போத்து வருகிறது. இரவில் தேரைகள் வருகின்றன. மழைக்காலத்தில் மின்மினியின் புழுக்களைக் காணலாம். நத்தை வேட்டையில் அவை தேர்ந்தவை. உண்மையான இயற்கை எதிரிகள் இவைதாம். இவை நடமாடும் இடத்தில் நஞ்சைத் தூவச் சொல்கிற நிறுவனம் தன் பெயர்ப்பலகையில் ‘இயற்கை’ என்று எப்படி எழுதிக்கொள்கிறது?

போதாக்குறைக்கு, உங்கள் மேலாளர் ஒரு ‘மாற்றுத் தீர்வு’ சொன்னார்: நத்தையைத் தின்னும் மாமிச நத்தைகளை வரவழைத்துத் தருவாராம். இதைக் கேட்டுத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். யூக்லாண்டினா ரோசியா என்ற அந்த நத்தையை ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிப்பதற்காக 1955இல் ஹவாயிலும், 1977இல் பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவிலும் விட்டார்கள். ராட்சத நத்தை ஒழியவில்லை. மூரியாவுக்கே உரிய பார்டுலா மர நத்தைகள் பத்தே ஆண்டுகளில் அங்கே காட்டிலிருந்து ஏறக்குறைய முற்றிலும் மறைந்தன. பெரும்பாலும் தீவுக்கு வெளியே கூண்டில் வளர்க்கப்பட்டவைதாம் மிஞ்சின. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு இதையா கொண்டுவரப் போகிறீர்கள்? வெளிநாட்டு உயிரிகளை இப்படி இறக்குமதி செய்ய 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி வேண்டும். உங்களிடம் அது இருந்தால் நகல் அனுப்புங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சை எந்த வாடிக்கையாளரிடமும் எடுக்காதீர்கள்.

அதுவரை வெறும் கையால் பொறுக்கிப் போடுமாறும் அவர் சொன்னார். இந்த வகை நத்தைகள் எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியவை. அது மனிதருக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கும். கையுறை போடுங்கள், கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பவை: முழுத் தொகையான 1,850 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். குருணைப் பையை உங்கள் செலவில் திரும்பப் பெற வேண்டும். குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை, கழுவிக் கொட்டவும் முடியாது. விளம்பரத்திலிருந்து நத்தைப் படத்தை நீக்கி, இந்த நூற்புழு எந்தப் புழுக்களுக்கு உரியதோ அதை எழுத வேண்டும். இதே தொகுப்பை வாங்கிய மற்றவர்களுக்கு, குறிப்பாக வளர்ப்புப் பிராணிகள் உள்ள வீடுகளுக்கு, குருணை பற்றி எச்சரிக்கை அனுப்ப வேண்டும். பணத்தைவிட எனக்கு இதுவே அவசரம்.

மின்வணிக விதிகள் 2020இன்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். என் முந்தைய மின்னஞ்சலுக்கு ஒப்புகையே வரவில்லை. இதற்கும் அப்படியே நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். குருணைப் பை பற்றி வேளாண்மைத் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்குத் தனியாக எழுதுகிறேன்; அது உங்கள் பதிலுக்குக் காத்திருக்காது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பொட்டலத்தின் இருபுறப் படங்கள், குருணைப் பையின் படம்.