சோமாலியாவுக்கும் சோமாலிலாந்துக்கும் நிதி தரும் அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

பெண்ணுறுப்புச் சிதைப்பை எதிர்க்கும் உலக நாளான பிப்ரவரி 6ஆம் தேதி, ஒவ்வொரு வருடமும் அதைக் கண்டித்து அறிக்கை விடுகிறீர்கள். சரி, விடுங்கள். நான் கேட்க வந்தது வருடத்தின் மற்ற நாட்களைப் பற்றி.

சிறுமிகளை அறுப்பது சித்திரவதைக்குச் சமம் என்று சோமாலியாவின் 2012 தற்காலிக அரசியலமைப்பே சொல்லித் தடை செய்கிறது. ஆனால் ஆண்டுகள் பல ஓடியும், மீறியவருக்கு என்ன தண்டனை என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வரவில்லை. 2020இல் வெளியான கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 99 சதவீதம் பேர் அறுக்கப்பட்டவர்கள்.

மகளை அறுக்கக் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஈவிரக்கம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அறுக்காத பெண்ணுக்கு மாப்பிள்ளை வரமாட்டான், ஊர் ஏசும் என்ற பயம்தான். ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் அந்த வீட்டுப் பெண் தனித்துப்போவாள். நாலு வீடு சேர்ந்து நிறுத்தவேண்டும். நீங்கள் நிதி தரும் இரண்டு வருடத் திட்டத்தில் அது முடிகிற காரியமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாவற்றையும் அறுத்துத் தைத்துவிடும் 'ஃபிர்அவ்ன்' முறை இளம்பெண்களிடம் குறைந்து, குறைவாக அறுப்பதாகச் சொல்லப்படும் 'சுன்னா' என்னும் முறை கூடிவருகிறது. நம்மூரில் ஆண்பிள்ளைகளுக்குச் செய்வதைச் சுன்னத் என்கிறோமே, அதே சொல். பெயரைக் கேட்டதும் மார்க்கக் கடமை என்று நம்பிவிடுகிறார்கள். குர்ஆனில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சோமாலியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் 2018இல் வந்த மார்க்கத் தீர்ப்பும் பெரிய அறுப்பை மட்டுமே தடுத்தது. தயவுசெய்து இதை முன்னேற்றம் என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். சின்னக் கத்தியும் கத்திதான்.

எட்னா ஆதான் இஸ்மாயிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா மருத்துவர். அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அம்மாவும் பாட்டியும் சேர்ந்து சிறுமி எட்னாவை அறுக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். படித்த வீட்டிலேயே இதுதான் நிலை. பின்னாளில் மருத்துவச்சியான எட்னா, 1970களிலேயே இதை மேடையேறிப் பேசினார். 2002இல் சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவில் மருத்துவமனை திறந்தார்; மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் தந்தார். தைத்த இடம் கிழிந்து பிரசவத்தில் ரத்தம் கொட்டுவதைக் கண்ணால் பார்ப்பவள் மருத்துவச்சி. பேறு பார்த்தவள், பெண்குழந்தையைக் கையில் கொடுத்துக்கொண்டே "இவளுக்கு வேண்டாம்" என்று சொன்னால் தாய் காதுகொடுப்பாள். நீங்களோ நானோ சொன்னால் வெளியூர்க்காரர் பேச்சு.

ஆகவே பணத்தை அந்த மருத்துவச்சியிடம் சேர்த்துவிடுங்கள். மருத்துவச்சிகளும் உள்ளூர்ப் பெண்களும் நடத்தும் சிறு குழுக்களுக்கு நேரடியாக, ஐந்தாண்டுக்குக் குறையாமல் கொடுங்கள். விண்ணப்பத்தைச் சோமாலி மொழியிலேயே வாங்குங்கள். எத்தனை கூட்டம் போட்டீர்கள் என்று கேட்பதை விட்டு, அந்தத் தெருவில் ஏழெட்டு வயதுச் சிறுமிகளில் எத்தனை பேர் அறுபடாமல் இருக்கிறார்கள் என்று வருடாவருடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
தமிழில் எழுதும் ஒருத்தி