எந்த நிபுணர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு ஆரோக்கியப் பக்கத்தில், கொவிட் வந்து குணமானவர்களின் எதிர்ப்புச் சக்தி ஆறே மாதத்தில் முற்றாக அழிந்துவிடும் என்று நிபுணர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எந்த நிபுணர்? பக்கம் முழுக்கத் தேடினேன், பெயர் இல்லை. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து, "அப்ப ஞாபகக் கலம் என்று படிச்சதெல்லாம் பொய்யா சேர்?" என்று கேட்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைத்து, திரும்ப வந்தால் எதிர்க்கும் கலம்தான் ஞாபகக் கலம். கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன்.

இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் புரதங்களான பிறபொருளெதிரிகள் சில மாதங்களில் குறையும், சரி. அவற்றைச் சுரக்கும் கலங்களில் ஒரு பகுதி என்பு மச்சையில் போய்த் தங்கிவிடுமே, அது உங்களுக்குத் தெரியாததா? அமெரிக்காவின் லா ஜொல்லா நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வைரஸை அடையாளம் காணும் ஞாபக பி கலங்கள் முதல் மாதத்தில் இருந்ததைவிட ஆறாம் மாதத்தில் அதிகமாக இருந்தன. நீங்கள் அழிந்துபோகும் என்று எழுதிய அதே ஆறாம் மாதம்! 2003இல் சார்ஸ் வந்து மாறியவர்களிடம் 17 வருடம் கழித்தும் அந்த வைரஸை நினைவில் வைத்திருந்த ரீ கலங்கள் (T cells) இருந்ததைச் சிங்கப்பூரில் கண்டார்கள்.

திரும்ப வராது என்று நான் சொல்லவில்லை. ஒமிக்ரோன் எனக்கும் வந்தது. ஆனால் முதல் தடவை ஒட்சிசன் வைத்தார்கள். இரண்டாம் தடவை பனடோலோடு போனது. இடையில் தடுப்பூசியும் போட்டிருந்தேன். அதுவும் இந்த ஞாபகத்தைத்தான் உண்டாக்குகிறது. இப்போது பள்ளிவாசல் வாசலில் ஒருவர், "ஆறு மாசத்தில போறதுக்கு எதுக்கு ஊசி?" என்கிறார். பாவம், உங்கள் பத்திரிகையை நம்புகிற மனிதர்.

உங்கள் நிபுணர்கள் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். 2020 டிசம்பரில் கொவிட்டுக்கு மருந்தென்று கேகாலைப் பாணியைப் படத்தோடு முதற்பக்கத்தில் போட்டபோதும் அவர்கள்தான் இருந்தார்கள். எங்கள் ஊரை முடக்கியிருந்த நாட்களில் ஊர்ப் பெயரையே நோயின் பெயர்போலத் தலைப்பில் போட்டீர்கள். கொவிட்டில் மௌத்தானவர்களை அடக்கினால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றதும் நிபுணர்களே. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்ததை ஒரு மூலையிலாவது போட்டீர்களா? கட்டாய எரிப்பு நின்று ஓட்டமாவடியில் 2021 மார்ச்சில் அடக்கத் தொடங்கியபோது என் மாமியின் ஜனாஸாவை எரித்து முடித்திருந்தார்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. இடம் இருந்திருக்காது, பாணி அவ்வளவு பெரிய செய்தியல்லவா.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பிறபொருளெதிரி குறையும், ஞாபகக் கலங்கள் நிலைக்கும் என்று ஒரு திருத்தம் போடுங்கள். அந்த நிபுணர் யாரென்றும் எழுதுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாயிருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், மாமியைப் பற்றிய வரியைத் தவிர.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
காத்தான்குடி.