செயலாளரின் ஆண்டறிக்கை: வாங் குங்வூவைப் படித்த ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

‘மலேசியாவின் ஈப்போவில் வளர்ந்த வரலாற்றாசிரியர் ஒருவரை இவ்வாண்டு படிப்போம்’ என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவானபோது, சீனர் வரலாறு தமிழ் வாசகர் வட்டத்துக்கு எதற்கு என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அதை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வாங் குங்வூ 1930இல் இன்றைய இந்தோனேசியாவின் சுராபாயாவில் பிறந்தவர். தந்தை ஈப்போவில் சீனப் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தார். மகன் படித்தது ஆண்டர்சன் பள்ளியில். நம்மிலும் மூவர் அங்கே படித்தவர்கள் என்பதால் முதல் கூட்டத்தில் பாதி நேரம் பள்ளிக் கதைகளிலேயே போயிற்று.

இரண்டாம் கூட்டம் மனத்தில் நின்றது. சீனாவுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அந்த வீட்டின் ஓயாத பேச்சு. 1947இல் குடும்பம் நான்ஜிங் சென்றது. தந்தைக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றோர் ஈப்போவுக்கே திரும்பிவிட்டனர். நான்ஜிங்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த மகனும் உள்நாட்டுப் போர் நெருங்க, 1948 இறுதியில் வந்து சேர்ந்தார். இதைக் கேட்ட மூத்த உறுப்பினர் ஒருவர் தம் அப்பாவின் தகரப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். ‘அடுத்த பொங்கல் ஊரில்தான்’ என்று கட்டிலுக்கடியில் வைத்திருந்தாராம். அவர் காலமான பிறகு, பூட்டு துருவேறிப்போய் உடைத்துத்தான் திறந்தார்களாம்.

பணி வரலாற்றை ஒரே கூட்டத்தில் முடித்தோம்: சிங்கப்பூரில் அப்போதுதான் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகம், 1957இல் லண்டனில் முனைவர் பட்டம், தென்சீனக் கடலின் பழைய வாணிகம் பற்றி 1958இல் வெளிவந்த ஆய்வு, கோலாலம்பூர், 1968இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா, 1986 முதல் 1995 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி, பிறகு சிங்கப்பூர்.

சண்டை வந்தது ஒரு சொல்லால். கடல் கடந்த சீனர் எல்லோரையும் ‘ஹுவாசியாவ்’ என்பது வழக்கம். தற்காலிகமாகத் தங்கியிருப்பவர், என்றாவது திரும்புகிறவர் என்பது அதன் உட்பொருள். மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ குடிமகனாகிவிட்டவரை அப்படி அழைத்தால் அவருடைய நாட்டுப்பற்றின் மீதே ஐயம் விழும். ஆகவே வணிகர், உழைப்பாளி, தங்கியிருப்பவர், வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட வழித்தோன்றல் என்று வாங் வகை பிரித்தார். ‘டயஸ்போரா’ (புலம்பெயர்ந்த சமூகம்) என்ற சொல்லும் அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. அது எல்லோரையும் ஒரே கூட்டமாக்கிவிடும் என்றார்.

உடனே ஓர் உறுப்பினர் நம் அழைப்பிதழைத் தூக்கிக் காட்டினார். ‘புலம்பெயர்ந்த தமிழர் வாசகர் வட்டம்’! என் பாட்டியே பிறந்தது இங்கே பேராக் மாநிலத்தில், நான் எங்கிருந்து பெயர்ந்தேன் என்று கேட்டார். வெளியே மழை, உள்ளே இரண்டு மணி நேர வாதம், வடை ஆறிப்போயிற்று. முடிவு எட்டப்படவில்லை. அடுத்த அழைப்பிதழில் ‘மலேசியத் தமிழர்’ என்று அச்சிட நானே துணிந்துவிட்டேன். மறுப்பு இருந்தால் எழுத்து மூலம் தருக.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்கு ஒரே ஒரு குறை. 2018இல் வெளியான வாங்கின் ஆங்கில நினைவுக்குறிப்பு நூலில் இரு படிகள் வாங்கினோம். ஒன்று கைமாறிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று யாரிடம் என்று பதிவேட்டில் இல்லை. நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘வீடு இங்கே இல்லை’. நூலும் இங்கே இல்லை. வைத்திருப்பவர் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கவும்.