போகும்போது 4 கிலோ, வரும்போது 3 கிலோ: கூரியர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பார்சல் கூரியர் நிறுவனங்களை நடத்தும் மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

வால்யூமெட்ரிக் எடை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்ததே நீங்கள்தான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் எடுத்துப் பெருக்கி 5000-ஆல் வகுக்க வேண்டும். அந்த விடையிலும் தராசு காட்டும் எடையிலும் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். இதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. வண்டியும் விமானமும் பல நேரம் எடையால் நிரம்புவதற்கு முன்பே இடத்தால் நிரம்பிவிடும். இடத்தை அடைக்கிறவர் அந்த இடத்துக்குக் காசு கொடுப்பதுதான் முறை. நான் ஆன்லைனில் விற்பது நூலில் பின்னிய பொம்மைகள். பஞ்சு அடைத்தவை, கனமே இருக்காது, ஆனால் பெட்டி பெரிது. ஆகவே இந்த விதியால் அதிகம் கட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரே ஒரு பெட்டி. 30 செ.மீ. நீளம், 25 அகலம், 20 உயரம். தராசில் 700 கிராம். உங்கள் கணக்குப்படி 15,000-ஐ 5000-ஆல் வகுத்து 3 கிலோ என்று பதிவு செய்து, 3 கிலோவுக்கே பணமும் கட்டி அனுப்பினேன். வாங்கியவர் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தார். டிராக்கிங்கில் 'வாடிக்கையாளர் இல்லை' என்று விழுந்தது. பெட்டி பிரிக்கப்படாமல் என்னிடமே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு, நிறுவனத்திடம் நான் முன்பணம் போட்டு வைத்திருக்கும் வாலட்டிலிருந்து இரண்டு தொகைகள் கழிந்தன. முதலாவது, போன பயணத்துக்கான 'எடை வேறுபாடு': ஹப்பில், அதாவது பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் மையத்தில், அளந்ததில் அது 4 கிலோவாம். இரண்டாவது, திரும்பி வந்ததற்கான கட்டணம்: 3 கிலோவுக்கு. அதே பெட்டி, அதே டேப், அதே நிறுவனம். போன இடத்தில் பொம்மை ஏங்கி இளைத்துவிட்டது போலிருக்கிறது.

உங்களில் அது எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. மற்றவர்களோடும் இதே பேச்சைப் பேசியிருக்கிறேன், தொகை மட்டும்தான் வேறு.

அந்த 4 எப்படி வந்தது என்று யாரும் சொல்லாததால் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அட்டைப்பெட்டி ஈரக்காற்றில் தளரும். உள்ளே திணித்த பஞ்சு வெளியே தள்ளும். மூட்டையில் மற்ற பார்சல்களோடு புரண்டால் இன்னும் உப்பும். ஹப்பில் பெல்ட்டுக்கு மேலே இருக்கிற லேசரோ கேமராவோ பெட்டியின் வெளிவிளிம்பைத்தான் பிடிக்கிறது. உப்பலும் அதற்கு அளவு, பிய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் அட்டை மடிப்பும் அதற்கு அளவு. மூன்று பக்கமும் 2 செ.மீ. கூடினால் 32, 27, 22. பெருக்கினால் 19,008. 5000-ஆல் வகுத்தால் 3.8. அரை கிலோ ஸ்லாபில், அதாவது அடுத்த அரை கிலோவுக்கு, மேலே ஏற்றினால் 4. ஆக, உங்கள் மூட்டையில் என் பெட்டி பட்ட பாட்டுக்கு நான்தான் காசு கட்டியிருக்கிறேன். திரும்பும்போது ஏன் 3 என்றால், அப்போது யாரும் அளந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

ஆதாரம் கேட்டேன். ஒரு படம் வந்தது. லேபிளின் ஒரு மூலையும் கறுப்பு பெல்ட்டும் தெரிந்தன. அளவு நாடா இல்லை, எண் இல்லை, பெட்டியே முழுதாக இல்லை. அனுப்புவதற்கு முன் பெட்டியைத் தராசில் வைத்தும் நாடா பிடித்தும் நான் எடுத்திருந்த படங்களை அனுப்பினேன். "எங்கள் கருவியின் அளவே இறுதியானது" என்று ஒரு வரி வந்து புகார் டிக்கெட் மூடப்பட்டது. மறுபடி திறந்தேன், மறுபடி அதே வரி. வாங்கியவரிடம் போய், "நீங்கள் கொடுத்த டெலிவரி பணம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்க முடியுமா? அவருக்குப் பொம்மையே போய்ச் சேரவில்லை. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, போன கூலி, வந்த கூலி, இல்லாத ஒரு கிலோவின் கூலி மூன்றையும் கட்டிய பிறகு என் கையில் மிஞ்சியது பொம்மை மட்டும்தான்.

எனவே ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். பார்சலை எங்கள் கையிலிருந்து வாங்கும்போதே, எங்கள் கண்முன் அளந்து, நீளம் அகலம் உயரம் எடை நான்கையும் போட்டு ரசீது கொடுங்கள். அந்த ரசீதில் இருப்பதே கட்டணம். பிறகு எங்களைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

தபால் அலுவலகக் கவுன்டரில் இது நடக்கிறது. தராசில் வைக்கிறார்கள், எண் நம் கண்ணுக்குத் தெரிகிறது, ரசீது கைக்கு வருகிறது, அதோடு கணக்கு முடிந்தது. கருவியைப் பற்றிப் பேசுவதென்றால், 1955-ல் தொடங்கிய சட்ட அளவியலுக்கான சர்வதேச அமைப்பு, பெட்டிகளின் நீள அகல உயரத்தை அளக்கும் கருவிகளுக்கென்றே ஆர் 129 என்று ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. இறுதியானது என்று நீங்கள் சொல்லும் கருவி அப்படி ஏதாவது ஒன்றின்படி சோதிக்கப்பட்டதா, கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்றும் கேட்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு அந்த ஒரு வரிகூட வரவில்லை.

புதிதாக விற்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கூரியர் மலிவு, எது நம்பகம் என்பதுதான். கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதே, எதனால் வகுக்கிறார்கள் என்று பார் என்பேன். என் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானச் சரக்கில் நெடுங்காலமாகப் புழங்கும் 6000-ஆல் வகுத்தால் இரண்டரை கிலோ. 5000 என்றால் 3. 4000-ஆல் வகுக்கிறவரிடம் 3.75, அதை ஏற்றி 4. அவருடைய விலைப் பட்டியல்தான் பார்வைக்கு மலிவாக இருக்கும். ஸ்லாப் அரை கிலோவா ஒரு கிலோவா, எரிபொருள் சார்ஜ் உள்ளே சேர்ந்ததா வெளியே தொங்குகிறதா, திரும்பி வந்தால் எவ்வளவு, தொலைந்தால் எத்தனை நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், இதையெல்லாம் பார் என்பேன். வாங்குபவர்கள் இருக்கும் பக்கங்களுக்குச் சின்னச் சின்ன பார்சல் அனுப்பிப் பார்க்கச் சொல்வேன். ஒரு ஊரில் ஒழுங்காக இருக்கும் நிறுவனம் அடுத்த ஊரில் அப்படி இருக்காது, அங்கே இருக்கிற கிளையைப் பொறுத்தது. இத்தனையும் அட்டவணை போட்டு எழுதிய பிறகும் கடைசிக் கட்டம் காலியாகவே நிற்கிறது: உண்மையில் எவ்வளவு பிடிப்பார்கள்? அனுப்பிய பிறகு மாறுகிற விலையை வைத்துக்கொண்டு எது மலிவு என்று எப்படிச் சொல்வது? இந்தக் குழப்பத்தில் நாணயமாக அளக்கிற நிறுவனத்துக்கும் நஷ்டம்தான். உங்களில் அப்படி இருப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. பணம் வாங்கும்போது என் பெட்டி 4 கிலோ. தொலைந்துபோனால்? நாடு கடந்து விமானத்தில் போகும் சரக்குக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை நஷ்டஈட்டுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நாடு கடந்து சாலையில் போகும் சரக்குக்கு 1956-ல் ஜெனீவாவில் செய்த உடன்படிக்கையில், 1978-ல் திருத்தியபடி, கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். இரண்டிலும் கணக்குக்கு வருவது தராசு எடை. அதாவது தொலைந்த நிமிடமே என் பெட்டி மறுபடி 700 கிராம் ஆகிவிடுகிறது. வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி வைத்திருந்த பழைய கடைக்காரர்கள்கூட இரண்டையும் நிபந்தனைத் தாளில் அச்சடித்துக் கொடுத்ததில்லை.

'வாடிக்கையாளர் இல்லை' பற்றியும் ஒரு வார்த்தை. போன் அடிக்கவில்லை, மணி அடிக்கவில்லை, யாரும் வரவே இல்லை. ஆனால் வந்து பார்த்ததாகப் பதிவு. வண்டியில் வரும் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளில் கொடுத்து முடிக்க முடியாத அளவு பார்சலை ஏற்றி அனுப்பி, முடிக்காவிட்டால் கூலியைப் பிடித்தால், அந்தப் பொத்தானை அழுத்தாமல் அவர்கள் என்ன செய்வார்கள்? 'உடையக்கூடியது' என்று சிவப்பில் ஒட்டினால் அது எறிவதற்குக் குறி பார்க்கத்தான் உதவுகிறது. வாடிக்கையாளர் சேவை என்று அழைத்தால் ஒரு இயந்திரக் குரல் என் பொறுமைக்கு நன்றி சொல்கிறது. அந்த நன்றிக்கு மட்டும் இன்னும் சார்ஜ் போடவில்லை. கடைசியில் ஒற்றை நட்சத்திரம் விழுவது என் கடைப் பக்கத்தில், உங்கள் பக்கத்தில் இல்லை.

மன்னிக்கவும். அளவைப் பற்றி மட்டும் எழுத உட்கார்ந்தவள் எங்கேயோ போய்விட்டேன்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் தெரியும். 2 கிலோவை அரை கிலோ என்று போட்டு அனுப்புகிற விற்பனையாளர்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் ஹப்பில் கருவி வைத்தீர்கள். அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. வாங்கும்போதே அளந்து ரசீது கொடுத்துவிட்டால் அவர்களும் ஏமாற்ற முடியாது, எங்களையும் சந்தேகப்பட வேண்டாம். பிக்கப் வரும் தம்பியின் கையில் ஸ்கேன் செய்யும் போன் ஏற்கனவே இருக்கிறது. கூடவே ஒரு அளவு நாடாவும் ஒரு தொங்கு தராசும், அளந்து முடிக்க இரண்டு நிமிடமும் கொடுங்கள். வீட்டு வாசலில் முடியாது என்றால், நாங்களே கொண்டுவந்து கொடுக்கும் கவுன்டர்களிலாவது முதலில் தொடங்குங்கள். பிறகும் ஹப்பில் வேறு அளவு வந்தால் பணத்தைப் பிடிப்பதற்கு முன் எங்களுக்குச் சொல்லுங்கள். முழுப் பெட்டியும் நாடாவும் தேதியும் தெரிகிற படத்தைக் காட்டுங்கள். மறுத்துப் பேச நாங்கள் அறிவிப்பைப் பார்த்த நாளிலிருந்து அவகாசம் கொடுங்கள். ரசீதில் எங்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், தாராளமாகப் போட்டுத் தருகிறோம்.

கண்முன் அளந்து ரசீது. இதற்கு எப்போது தொடங்குவீர்கள் என்று ஒரு தேதியோடு பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். அந்த ஒரு கிலோவின் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் யாரென்று அவருக்கே தெரியும். என் டிக்கெட் எண்ணும் அவரிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
நூல் பொம்மை விற்கும் ஒருத்தி