அப்பப்பாவின் மத்தளம் மீண்டும் கேட்கிறது: உதவிய அனைவருக்கும் நன்றி

அன்புள்ள ஊரவர்களே, உறவுகளே,

கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்த எங்கள் அப்பப்பா மத்தளம் அடித்த கூத்தின் பழைய வீடியோ டேப் ஒழுங்காக ஓடாமல் இருந்ததல்லவா, அது சரிவந்துவிட்டது. அவர் காலமான முப்பத்தோராம் நாளன்று இரவு முற்றத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி எல்லோருமாக இருந்து பார்த்தோம். வர முடியாமல் போனவர்களுக்காகவும், "என்ன மகள், சரிவந்ததா?" என்று ஓயாமல் விசாரித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் எங்களோடு சேர்ந்தே அலைந்தீர்கள். அதைத் திருப்பிச் சொல்லாமல் நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி கல்முனை நானாவுக்கு. பெயரையும் கடையையும் எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்ற முறையில் நானா என்றே எழுதுகிறேன். ஒரு காலத்தில் கலியாண வீடியோ எடுத்தவர். இப்போது போட்டோ கொப்பியும் போன் திருத்துவதும்தான் தொழில். எங்களை அவருக்கு முன்பின் தெரியாது.

அதுவரை கேட்ட எல்லோரும் கொம்பியூட்டரைத்தான் குறை சொன்னார்கள். கேபிளை மாற்றினோம், சொப்ட்வெயரை மாற்றினோம், லேப்டொப்பையே மாற்றினோம். படம் சதுரம் சதுரமாக உடைந்தது, அப்பப்பாவின் குரல் வெட்டி வெட்டி வந்தது. டேப் பழுதாகிவிட்டது, வீசுங்கள் என்றார்கள் ஓரிடத்தில். நானா கேட்ட முதல் கேள்வியே வேறு. "தங்கச்சி, கமராட சின்ன ஸ்கிரீன்ல பாத்தீங்களா? அதுலயும் உடையுதா?"

அதிலும் உடைந்தது. "அப்ப கொம்பியூட்டர்ல பிழ இல்ல. டேப்பா இருக்கணும், இல்லாட்டி ஹெட்டா இருக்கணும்." ஹெட் என்பது கமராவுக்குள் டேப்பை வாசிக்கும் பகுதி. கேபிளிலோ கொம்பியூட்டரிலோ கோளாறென்றால் கமராவின் திரையில் படம் சுத்தமாகவே ஓடும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். மினி டி.வி. (MiniDV) என்ற இந்தச் சின்னக் கமரா டேப்பில் படமும் சத்தமும் ஒரே கோடுகளில்தான் பதிந்திருக்குமாம். ஹெட் அந்தக் கோட்டை வாசிக்கத் தவறினால் இரண்டும் சேர்ந்தே உடையும்.

பிறகு திரையின் மூலையில் எல்.பி. (லோங் பிளே) என்று இருந்ததைக் காட்டினார். 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் பிடிக்கட்டும் என்று பெரியப்பா அன்று அப்படிப் பதிந்திருக்கிறார். விடிய விடிய ஆடும் கூத்தில் எவ்வளவைத்தான் ஒரு டேப்பில் அடக்குவது, பாவம். சாதாரண எஸ்.பி. பதிவில் ஒரு கோட்டின் அகலம் 10 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று), எல்.பி.யில் ஏறக்குறைய 6.7தான். அவ்வளவு ஒடுக்கமான கோட்டை இன்னொரு கமரா சரியாகப் பிடிப்பது கடினம். நாங்கள் கொண்டுபோனது இரவல் கமரா. "அடிச்ச கமராவக் கொண்டு வாங்க" என்றார்.

வெல்லாவெளியில் பெரியம்மாவின் அலுமாரிக்குள் கிடந்த அந்தக் கமரா இப்படித்தான் வெளியே வந்தது. பற்றரி செத்திருந்தது, நல்லவேளை சார்ஜரில் நேரே வேலை செய்தது. நானா டேப்பை உடனே போடவில்லை. முதலில் கிளீனிங் கசற்றைப் போட்டுப் பத்து வினாடி ஓடவிட்டு நிறுத்தினார், அதற்கு மேல் விட்டால் ஹெட் தேயும் என்றார். அப்புறம் எங்கள் டேப்பைப் பிளே பண்ணாமலே கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றினார். வருடக் கணக்கில் அசையாமல் கிடந்த டேப் இறுகியும் தளர்ந்தும் இருக்கும், ஒருமுறை சீராகச் சுற்றினால்தான் ஒழுங்காக ஓடும் என்பது அவர் அனுபவம். பிளே பண்ணினார். அப்பப்பா கூத்தாடும் களரியின் நடுவில் மத்தளத்தோடு நின்றார், முகம் முழுதாக.

இப்போதைய லேப்டொப்புகளில் இந்தக் கமராவை இணைக்கும் பயர்வயர் துளை கிடையாது. நானாவின் கடை மூலையில் துணி போர்த்தி ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கிறது, அதில் இருக்கிறது. மணிக்கு 13 ஜிபி வேகத்தில் அதற்குள் இறக்க வேண்டும், அதுவும் டேப் ஓடுகிற நேரம் முழுவதும் காத்திருந்து. அவசரப்படுத்த வழியே இல்லை. நானா கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, போனை நிறுத்தி வைத்துவிட்டு, எங்களோடு அந்த ஒன்றரை மணி நேரமும் குந்தியிருந்தார். வந்தவர்களையெல்லாம் அசர் தொழுகைக்குப் பிறகு வரச் சொன்னார்.

அதைவிட, நாங்கள் கேட்காமலே அவர் செய்த ஒரு காரியம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். கடைக் கணக்காக்கும் என்று நினைத்தேன். முடிந்ததும் கிழித்து நீட்டினார். படம் உடைந்த இடமெல்லாம் நேரத்தோடு குறித்திருந்தது. "41:17, பெரியவர் குரல் வெட்டு." "58:03, தாளக்கட்டுச் சொல்லக்குள்ள." கூத்தில் வடமோடி எது, தென்மோடி எது என்று வகை அறியாத மனிதர், எங்கள் அப்பப்பா வாய் திறந்த இடங்களையெல்லாம் கவனித்துக் குறித்திருக்கிறார். ஹெட்டை மறுபடி துடைத்து, அந்த இடங்களை மட்டும் திரும்ப இறக்கினார். இரண்டு தரம் வாசித்ததில் எது நல்லதோ அதை எடுத்து ஒட்டிக் கொடுத்தார். அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது.

ஆட்டக்காரர் சுழலும்போது அவர் கட்டியிருந்த விரிந்த கரப்புடுப்பின் ஓரம் சீப்புப் பல்லுப் போலத் தெரிந்ததைக் கண்டு நான் பதறினேன். அது பழுதில்லை, ஒரு படத்தை இரண்டு பாதியாக வரி வரியாகப் பதிகிற முறை அப்படி, பார்ப்பதற்கென்று செய்யும் பிரதியில் மட்டும் அதைச் சமப்படுத்தலாம், மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள் என்றார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. "எத்தினயோ கலியாணம் அடிச்சன். அந்த டேப்பத் தேடி ஒருத்தரும் வரல்ல. நீங்க வந்தீங்களே."

நானா, எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் உங்களுக்கு ஒரு பாய் போட்டிருக்கும்.

கேபிள் தேடி மட்டக்களப்பு டவுன் முழுக்க ஏறி இறங்கிய தம்பிமார், இரவல் கமரா தந்த செங்கலடி ரீச்சர், ரொறன்ரோவில் இருந்து ராத்திரி பகல் பாராமல் வழி சொன்ன மச்சான், வெல்லாவெளிக்குப் போய்வரச் சைக்கிளும் ஓட்டோவும் தந்தவர்கள், முப்பத்தோராம் நாளுக்குச் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டு மாமிமார், திரை கட்டிய பெடியன்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. ஒருவரும் குறைவாக உதவவில்லை.

அது 2004 ஆவணியில் ஆடிய கூத்து. அந்தக் களரியில் நின்ற சிலரை அந்த மார்கழியிலேயே கடல் கொண்டுபோனது. படம் ஓடும்போது முற்றத்தில் ஒருவர் மாறி ஒருவர் பெயர் சொல்லி அழுததைப் பார்த்த பிறகுதான், இது எங்கள் வீட்டுச் சொத்து மட்டுமில்லை என்பது எனக்கு உறைத்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர்கள் நம்முடையவை. உப்புக் காற்றும் ஈரமும் டேப்பைச் சும்மா விடாது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் எத்தனை வீட்டு அலுமாரிகளில் இப்படி டேப்புகள் கிடக்கின்றனவோ! தயவுசெய்து பழைய கமராவை இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள், டேப்போடு சேர்த்து வையுங்கள். இறக்குவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். நானா எனக்குப் பழக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கூத்தில் ஆடிய, பிற்பாட்டுப் பாடிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் பிரதி கொண்டுவந்து தருவேன். முழுக் கோப்பும் வேண்டுமென்பவர்கள் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்து வையுங்கள். பார்க்க மட்டும் என்றால் சின்னதாக்கிப் போனுக்கே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணாவியாரின் பேத்தி